ஓமந்தூர் டு பிரான்ஸ்... ஒரே பஸ்தான்!



காலேஜில் யாராவது 'சொந்த ஊர் எது?' என்று கேட்டு, நான் 'ஓமந்தூர்' என்றால் போதும்... சென்னைப் பசங்க உடனே, 'ஓ, அந்த ஆஸ்பத்திரி பக்கமா?' என்பார்கள். இல்லை பாஸ்! சென்னை ஓமந்தூரார் தோட்டத்துக்குப் பேர் கொடுத்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் இருந்து 1949 ஏப்ரல் வரை அன்றைய சென்னை மாகாணத்தின் முதல்வர். அவர் பிறந்த மண்தான் எங்க ஊர். திண்டிவனம் பக்கம். கழனி, மல்லாட்டை, வெயில்... இதுதான் எங்க அடையாளம். (மல்லாட்டை தெரியாதா? வேர்க்கடலைங்க!)

இப்ப ஒரு ஆச்சர்யத் தகவல். எங்க ஊர்க்காரர் கோட்டையில் உட்கார்ந்து ஆட்சி செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், எங்க ஊரில் இருந்து கொஞ்ச தூரம் போனால் பிரெஞ்சுக் கொடி பறந்தது. பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ம் தேதி. சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. அதாவது, என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது பாண்டிக்குப் போவது ஒரு குட்டி ஃபாரின் டூர். எல்லையில் மூட்டை முடிச்சைப் பிரித்துச் சோதனை போடுவார்களாம். இப்ப மிச்சம் இருப்பது மொரட்டாண்டி டோல்கேட் மட்டும்தான்!

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த 'ஃபாரின்' ஊரில் ஒரு பிரெஞ்சு பிஸ்த்ரோவில், ஆற அமர உட்கார்ந்து, ரெண்டேகால் மணி நேரம் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். கூட வந்தது யார் தெரியுமா? ஃப்ரெண்ட்ஸ் இல்லை. எங்க அம்மா!

கால்வாயைத் தாண்டாத அம்மா

பாட்டிக்கு மாத்திரை வாங்க மாசம் ஒரு முறை அம்மா ஜிப்மர் வருவாங்க. பஸ் கோரிமேட்டில் நிற்கும். இறங்குவாங்க, வரிசையில் நிற்பாங்க, மாத்திரை வாங்குவாங்க, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பவும் திண்டிவனம் பஸ். பல வருஷமா இதேதான். பீச் பக்கம்கூட எட்டிப் பார்த்தது இல்லை.

பாண்டி மேப்பைப் பாருங்கள். ஊருக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடும். அதற்குக் கிழக்கே, கடலோரம், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, ரூ துய்மா, ரூ சுஃப்ரேன் என்று நேர்கோட்டுத் தெருக்கள். 1889-ல் ஆரம்பித்த அலியான்ஸ் பிரான்சேஸ் அங்கேதான். 'ரூ' என்றால் தெரு. நம்ம ரூபாய் இல்லை. ஆனால், அங்கே போனால் அதுவும் கொஞ்சம் கரையும்!

எனக்கு முதல் மாச ஸ்டைபண்ட் வந்திருந்தது. செமஸ்டர் லீவ். ஜிப்மர் வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. "வாம்மா, டவுனுக்குள்ள போய் சாப்பிட்டுப் போலாம்"னு இழுத்தேன். ஏதோ மெஸ் என்று நம்பி வந்தவங்க, பிஸ்த்ரோ வாசலில் சடன் பிரேக் போட்டாங்க.

"நீ போய் சாப்ட்டு வாடி. நான் இங்கயே நிழல்ல நிக்கறேன்."

"ஏம்மா?"

"இது நம்ம மாதிரி ஆளுங்க வர்ற எடம் இல்ல."

கையில் ஜிப்மர் சீட்டு, மாத்திரை கட்டிய மஞ்சள் பை. சத்தியமா சொல்றேன், எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். கண்ணாடிக் கதவு, வெள்ளைத் துணி விரித்த மேசை... யாராவது ஏற இறங்கப் பார்த்து அம்மா முகம் சுருங்கிவிட்டால்? என் ஸ்டைபண்ட் மொத்தமும் வேஸ்ட். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த சர்வர் அண்ணன், "வாங்கம்மா, உள்ள ஃபேன் காத்து வருது"ன்னார். அம்மா பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நுழைஞ்சாங்க. கால்வாயை நிஜமாகத் தாண்டியது அந்த நொடியில்தான்!

'சீக்கிரம்' என்ற பேரில் ஒரு நிதானம்

'பிஸ்த்ரோ' என்ற பேருக்கே ஒரு கதை உண்டு. 1814-ல் நெப்போலியனைத் தோற்கடித்து பாரிஸுக்குள் வந்த ரஷ்ய சிப்பாய்கள், கடையில் 'பிஸ்த்ரா, பிஸ்த்ரா' என்று கத்தினார்களாம். ரஷ்ய மொழியில் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அர்த்தம். அதுவே கடைக்குப் பேராகிவிட்டது என்பார்கள். ஆனால், அந்த வார்த்தை அச்சில் தலைகாட்டியதே 1880-களில்தான். அதனால் மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. ஏன்னா, எங்களுக்கு முதல் தட்டு வருவதற்கே அரை மணி நேரம்!

அந்த அரை மணியில் அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாங்க. வீட்டில் அவங்க சாப்பிடுவது எப்படி தெரியுமா? எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, மிச்சக் குழம்பை ஊற்றி, அஞ்சே நிமிஷம். உங்க வீட்டிலும் அதே கதைதானே?

"ரொம்ப பசிக்குதாம்மா?"ன்னு கேட்டேன்.

"அடுப்பு முன்னாடி நின்னுனே இருந்தா பசியே தெரியாதுடி. இன்னிக்குத் தெரியுது"ன்னாங்க.

எனக்குப் பேச்சு வரலை. மெனு கார்டைப் படிப்பது மாதிரி மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்.

மேசை மேல ரொட்டி!

முதலில் வந்தது பகெத். நீள ரொட்டி. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்... அவ்வளவுதான் சரக்கு. இந்த பகெத் செய்யும் கலையையே 2022-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதை எதால் வெட்டுவது என்று நான் கத்தியைத் தேட, "கையால பிச்சுச் சாப்பிடுங்க, பிரான்ஸ்லயும் அப்படித்தான்"ன்னார் சர்வர் அண்ணன். அம்மா முகத்தில் முதல் சிரிப்பு!

அங்கே சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. 'ஆந்த்ரே' என்றால் ஆரம்பம். (அமெரிக்காவில் இதே வார்த்தை மெயின் டிஷ்ஷைக் குறிக்கும். குழம்பாதீர்கள்.) அடுத்தது 'ப்ளா', அதாவது பிரதான உணவு. கடைசியில் 'தெஸேர்', இனிப்பு. அதற்கும் பிறகுதான் காபி. ஒரு தட்டு காலியாகாமல் அடுத்தது வராது. நம்ம கல்யாணப் பந்தியில் இலையில் எல்லாமே ஒரே நேரத்தில் விழும், பின்னாடி ஒருத்தர் இடம் பிடிக்க நிற்பார். இங்கே பின்னாடி யாருமே நிற்கவில்லை. அதுவே ஒரு பெரிய நிம்மதி.

பிரான்ஸில் வேலை செய்யும் மேசையிலேயே மதியச் சாப்பாட்டை முடிப்பதற்கு எதிராகத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு விதி இருக்கு தெரியுமா? கொரோனா சமயத்தில், 2021-ல், அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடும் முறையை 2010-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது. லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டே பஃப்ஸ் கடிக்கும் நாமெல்லாம் அந்த ஊரில் குற்றவாளிகள்!

"இது நம்ம வடகம்டி!"

எனக்கு ரத்தத்தூய். கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய் எல்லாம் போட்டு வதக்கிய தென் பிரான்ஸ் அயிட்டம். அம்மாவுக்கு மீன். மேலே வெண்ணெய் சாஸ். கார்டில் 'வதுவான்' என்று போட்டிருந்தது. நான் ஸ்டைலாக, "ஏதோ பிரெஞ்சு மசாலாம்மா"ன்னேன்.

அம்மா ஒரு வாய் வைத்தாங்க. கண்ணை மூடினாங்க. திறந்தாங்க.

"இன்னாடி பிரெஞ்சு? இது நம்ம வடகம்டி!"

நிஜம்தான் மக்களே! எங்க பக்கம் ஒவ்வொரு கோடையிலும் மொட்டை மாடியில் காயும் அதே தாளிப்பு வடகம்தான், பாண்டியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய் 'வதுவான்' ஆகிவிட்டது. 2000-களில் மேல்நாட்டு ஓட்டல் சமையல்காரர்கள் மத்தியில் அது செம பாப்புலர். எங்க வீட்டுப் பானையில் இருந்த சமாச்சாரம் பாரிஸ் வரைக்கும் போய்விட்டு, மறுபடி எங்களுக்கே தட்டில் வந்திருக்கு!

அப்புறம் அம்மாவை நிறுத்த முடியலை. சின்ன வெங்காயம், பூண்டை ஒண்ணு ரெண்டா இடிக்கணும், கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்க்கணும், பகலெல்லாம் வெயில், சாயந்திரம் உருண்டை, மறுநாள் உதிர்த்து மறுபடியும் வெயில்... சர்வர் அண்ணனுக்கு முழு கிளாஸ் எடுத்தாங்க. கடைசியில் ஒரு கேள்வி: "இதுல வெளக்கெண்ணெ போட்டீங்களா?"

அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "இல்லையாம்மா."

"அதான் பார்த்தேன். போட்டாதான் வருஷம் பூரா கெடாது."

'நம்ம மாதிரி ஆளுங்க வர்ற எடம் இல்ல'ன்னு வாசலில் நின்ற அதே அம்மா!

பர்ஸ் உஷார்!

நீங்களும் போவதாக இருந்தால் சில டிப்ஸ். ஒன்று, மூணு மணிக்கு மேல் போகாதீர்கள். பல இடங்களில் மதியச் சமையல் முடிந்து அடுப்பை அணைத்துவிடுவார்கள். ரெண்டு, ஆந்த்ரேவையும் இனிப்பையும் பங்கு போடலாம். நாங்களும் ஒரே கேரமல் புட்டிங்கில் ரெண்டு ஸ்பூன்தான். மூணு, சாப்பிட்டதும் பில் தானாக வராது. கேட்காமல் கொடுப்பது 'கிளம்பு' என்று சொல்வது மாதிரியாம். 'லாதிஸியோன், சில் வூ ப்ளே' என்று நீங்களேதான் கேட்க வேண்டும். தமிழில் கேட்டாலும் தருவார்கள், கவலை வேண்டாம்.

எங்க பில் 1,640 ரூபாய். மறைத்துப் பார்த்தேன், முடியலை. "இந்தக் காசுல ஒரு மாச மளிகை பாதி வந்துடும்"ன்னாங்க அம்மா. தப்பில்லை, கணக்கு சரிதான். எனக்கும் அடுத்த மூணு வாரம் பஸ் காசைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஆனால், அன்றைக்கு அவங்க முன்னாடி யாரோ தட்டு வைத்தார்கள், யாரோ எடுத்தார்கள், யாரோ கழுவினார்கள். இதற்கு என்ன ரேட் போடுவது? எனக்குத் தெரியலை.

பிறகு யோசித்தால் ஒண்ணு உறுத்தியது. இதுக்கு எதற்கு பாண்டி? எதற்கு பிஸ்த்ரோ? உட்கார வைத்துப் பரிமாற எங்க வீட்டில் என்னையும் தம்பியையும் சேர்த்து நாலு கை சும்மாதானே இருக்கு?

அன்று ராத்திரி தோசைக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் தோசை விழுப்புரம் மாவட்ட மேப் மாதிரி வந்தது. ரெண்டாவது கருகியது. தம்பி தண்ணி எடுத்து வைத்தான். "பாண்டில உக்காந்தது பத்தாதா?"ன்னு முனகிக்கொண்டே அம்மா உட்கார்ந்தாங்க. மூணாவது தோசையைக் கையால் பிய்த்து, வடகம் போட்ட குழம்பில் தொட்டு வாயில் வைத்தாங்க.

"உப்பு கம்மி"ன்னாங்க.

ஆனா, எழுந்திருக்கலை!