3,418 அறை... ராஜா மட்டும் ஆப்சென்ட்!

மாட்ரிட்ல கையில இருந்தது ஒரே நாள். விட்டேன் ஒரு நடை, ராயல் பேலஸுக்கு! மொத்தம் 3,418 அறைகள். ஆனா ராஜா? குடும்பத்தோட ஊருக்கு ஓரமா சார்சுவேலா வளாகத்துல இருக்கார். விழா, விருந்துன்னா மட்டும் இங்கே ஆஜர்!

இன்ஜினீயரிங் கண்ணு சும்மா இருக்குமா? அண்ணாந்து பார்த்தா, தலைக்கு மேல கல்லும் செங்கலுமா வளைவுகள். காரணம், ஒரு தீ! இதே இடத்துல இருந்த பழைய அரண்மனை 1734-ல், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி எரிஞ்சுபோச்சு. நூற்றுக்கணக்கான ஓவியங்கள் சாம்பல். தப்பிச்சதுல ஒண்ணு, வெலாஸ்கெஸோட 'லாஸ் மெனினாஸ்'. இப்போ பிராடோ மியூசியத்துல இருக்கு. 1738-ல் திரும்பக் கட்ட ஆரம்பிச்சப்போ, மரத்தை முடிஞ்சவரை ஒதுக்கிட்டாங்க.

சுட்டதும் டிசைனையே மாத்தியிருக்காங்க! நாம லேப்ல ஒரு சர்க்யூட் கருகினா, அதே மாதிரி இன்னொண்ணை சால்டர் பண்றோமே... யோசிங்க பாஸ்!