ராஜரத்தினம் பிள்ளையின் ப்ளூஸ்

பெரியப்பா சேர்த்து வைத்த நாதஸ்வரப் பதிவுகள் அத்தனையையும் என் கம்ப்யூட்டர் ‘ப்ளூஸ்’ என்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, ப்ளூஸ். காருகுறிச்சி அருணாசலத்தின் கீர்த்தனை, ப்ளூஸ். ஏதோ கோயில் புறப்பாட்டில் யாரோ வாசித்த மல்லாரி, அதுவும் ப்ளூஸ். ஃபூபார்2000 பிளேயரில் வகைவாரியாக அடுக்கினால் ப்ளூஸ் கிதார்காரர் பி.பி. கிங்குக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன.

ஃபைல் பெயர்களும் உதவவில்லை. ட்ராக் 01, ட்ராக் 02 என்று போகும். ஒவ்வொன்றையும் தட்டி முதல் ஐந்து விநாடி கேட்டு இனம் பிரிப்பது சினிமாப் பாட்டுக்குச் சரிப்படும். நாயனத்துக்கு ஆகாது. முதலில் டேப் இரைச்சல், அப்புறம் ஒத்து, அப்புறம் தவில்காரர் தட்டிப் பார்க்கும் சத்தம். எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். நடுவில் தாவித்தான் கேட்க வேண்டும். தோடியின் நடுவில் தாவினால் அடுத்த ஃபைலுக்குப் போக யாருக்கு மனசு வரும்?

ப்ளூஸ் என்று எழுதியவர் காது உள்ள ஆளாக இருப்பாரோ என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. காந்தாரத்தில் பிள்ளை அசைத்து அசைத்து இறங்குவதையும், ப்ளூஸ் கிதார்காரர் தந்தியை வளைத்து சுரத்தை ஏங்க வைப்பதையும் ஒருசேரக் கேட்டவர் யாரோ கும்பகோணத்தில் இருந்திருக்கிறார்! அந்த மயக்கத்தில், கேசட்டுகளை எம்பி3 ஆக்கிக் கொடுத்த கடைக்காரரைத் தேடிப் போனேன். இப்போது ரீசார்ஜ் கடை. பின்னறையில் டெக் இன்னும் இருக்கிறது.

“அண்ணே, இதுல ப்ளூஸ்னு போட்டது யாரு?”

“நான் ஒண்ணும் எழுதல தம்பி.”

“சாஃப்ட்வேர்ல ஒரு கட்டம் வந்திருக்கும்ல...”

“எந்தக் கட்டத்துலயும் கை வெக்கல. ஓட விடுவேன், சேவ் பண்ணுவேன், சிடி போட்டுக் குடுப்பேன். பேர் எழுதுறதுக்கு உங்க பெரியப்பா தனியா காசு குடுக்கல.”

கடையில் வேலை பார்த்த பையன் எழுதியிருக்கலாமா என்றேன். பையனே கிடையாதாம். வேறு யாராவது? எரிச்சலாகிவிட்டார். “ப்ளூஸ்னா என்னன்னே தெரியாதவன் ப்ளூஸ்னு எப்படி எழுதுவான்?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சை மட்டும் மாற்றவில்லை. ஒண்ணும் எழுதல, ஒண்ணும் எழுதல.

சரி, ஒன்றும் எழுதாத இடத்தில் என்னதான் இருக்கிறது? தோடியை, ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து கடைசிக்குப் போனேன். எம்பி3-இல் பாட்டின் விவரத்தை ஒட்டும் ஏற்பாட்டை 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் கொண்டுவந்தார். ஐடி3 என்று பெயர். ஃபைலின் வாலில் 128 பைட். பழைய பிளேயர்கள் பாட்டை வாசித்து முடித்த பிறகு வருவதால் தொந்தரவு இல்லை. ‘டேக்’ என்ற அடையாளத்துக்கு 3, தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. மிச்சம் ஒரே ஒரு பைட், அதுதான் வகை. ஒரு பைட்டில் சொல் எழுத முடியாதே, அதனால் 0 முதல் 79 வரை எண் போட்ட பட்டியல் ஒன்று வைத்தார்கள்.

பட்டியலில் 0 என்பது ப்ளூஸ்.

தோடியின் வாலில் அந்த அடையாளத்துக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசி பைட் உட்பட. வகை இல்லை என்று காட்ட 255 போடுவது வழக்கம். கடைக்காரரின் சாஃப்ட்வேர் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. சந்தேகம் தீர, எங்கள் வீட்டுக் குக்கர் விசிலைப் பதிவு செய்து, வாலில் அதே மாதிரி பூஜ்யம் நிரப்பினேன். குக்கரும் ப்ளூஸ் ஆயிற்று.

அந்த 30 பைட்டுக்குள் நம் ஆட்கள் அடங்குவார்களா என்றும் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ‘திருவாவடுதுறை’ 17, நடுவில் இடம் 1, ‘ராஜரத்தினம்’ 12. சரியாக 30! பிள்ளைக்கு இடமில்லை. (அதனால் என்ன என்பவர்களும் உண்டு.) யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில் தமிழில் எழுதினால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போய்விடும். ‘திருவாவடுத’ என்பதோடு மூச்சு நின்றுவிடும்.

கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “அதான் அன்னிக்கே சொன்னேனே. சரி, நாயனத்துக்கு என்ன நம்பர்?”

“நாயனத்துக்கு நம்பரே இல்லண்ணே. போல்கான்னு ஒரு டான்ஸு, அதுக்கு 75. குறும்பு பண்ற ஆடியோவுக்கு 23. 48-ல எத்னிக்னு ஒண்ணு இருக்கு, நம்மள அதுலதான் தள்ளணும்.”

ஐடி3-க்கு 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பில் விவரம் ஃபைலின் தலைக்குப் போனது, வகையையும் நம் இஷ்டப்படி எழுத்தில் எழுதலாம், எம்பி3டேக் என்ற சாஃப்ட்வேரில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்று விளக்கினேன்.

“அப்ப நாயனம்னு எழுதலாம்ல?”

“எழுதலாம்ணே.”

“எழுதிக் குடுக்குறேன். கேசட்டுக்கு இருபது ரூபா கூட ஆகும்.”