அம்மாவின் ரொட்டிப் பொட்டலம்

பேராதனைச் சந்தி ஸ்டேசனில் போன மாதம் இறங்கினேன். கண்டிக்கும் பதுளைக்கும் பாதை பிரியும் இடம். எனக்கு அங்கே இன்னும் ரொட்டி வாசம்தான்.

அப்பாவுக்குப் பூந்தோட்டத்தில் வேலை. அம்மாவுக்கு வீடும் அயலும்தான் உலகம். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குக் கஞ்சி காய்ச்சியதும் அவர்தான். 1983 ஆடிக் கலவரத்தில் எங்களை ஒளித்து வைத்தது அந்த அக்கா.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று பேச்சு. எழுபதுகளில் மலையகச் சனங்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். அது வரும் நாளில் அம்மா தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டுவார். சகோதரிகளே, யாருக்கென்று கேட்டுக் கொடுத்ததில்லை. ஜன்னலில் நீண்ட கைக்கெல்லாம் கொடுத்தோம்.

ஒருநாள் அதில் பெரியம்மாவே இருந்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மேடை முடியுமட்டும் ஓடினார். பொட்டலம் என் கையிலேயே இருந்துவிட்டது. பெரியம்மாவைப் பிறகு நாங்கள் காணவில்லை.

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. அடுத்த கோச்சிக்கும் மாப் பிசைந்தார்.