கொற்கைக் குளத்தருகே பார்க்க என்ன இருக்கிறது?

கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கியது. 1895இல் அந்த மலைக்குக் கோல்ஃப் கிளப்பும் வந்தது. ஏரி, வழித்து விட்டாற்போன்ற புல்வெளி, பக்கத்தில் நாலைந்து பழைய இடங்கள் என்று சுற்றுலாத் தலத்துக்கு ஓர் இலக்கணம் நம் மனத்தில் படிந்துவிட்டது. அந்த இலக்கணத்தோடு, பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கைக்கு வருகிறவர் ஏமாந்துதான் போவார். இங்கேயும் குளம் உண்டு. அதை ஒட்டி ஓர் அம்மன் கோயில், ஊருக்குள் மிகப் பழைய வன்னி மரம், சுற்றிலும் வாழையும் நெல்லும். அந்தத் துறைமுகம் எங்கே என்று கேட்டால் கைகாட்ட ஒன்றுமில்லை. கடலே ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் குளத்தங்கரைதான் என்பேன்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும். 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் ஆள்வைத்துத் தோண்டிப் பார்த்த கால்டுவெல் எனக்கு இன்னும் பிரியமானவர். வயற்காட்டு ஊரின் அடிமண்ணில் கடற்சிப்பிகளைக் கண்டபோது அவருக்கு ஒரு பெரிய கதை பிடிபட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளத் தள்ள, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. புதிய கரையில் காயல், அதாவது இன்றைய பழையகாயல், எழுந்தது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் குதிரைகள் வந்திறங்கும் செழித்த துறையாக எழுதிவைத்த காயல் அதுதான் என்பது கால்டுவெல்லின் முடிவு. பிறகு காயலையும் வண்டல் மூடியது. அடுத்து முகத்துவாரத்தில் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. ஒரே ஆறு ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகங்களை நகர்த்தியிருக்கிறது! கால்டுவெல்லுக்குப் பின் 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரிக்கு கார்பன் கணக்கு தந்த காலம் கி.மு. 785 வாக்கில். பெரிப்ளுஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல், தண்டனைக் கைதிகளைக்கொண்டு முத்தெடுத்த இடமாகச் சொல்லும் கொல்கி இதுவே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

ஆற்றை மட்டும் சொன்னால் போதுமா, துறையைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனது போர்த்துக்கீசியரும், 1658இல் அதைப் பிடித்த டச்சுக்காரரும் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கரையில் கடலை நம்பி வாழும் பரதவர் ஊர்களின் அரசியல் இல்லாமல் தூத்துக்குடி வளர்ந்திருக்காது. ஆனால் அவர்களுக்கு முன்னால் இருந்த தேர்வுகளை ஆறு ஏற்கெனவே குறுக்கிவிட்டிருந்தது. வண்டல் மூடும் முகத்துவாரத்தைவிட, தீவுகள் அலையை மறிக்கும் தூத்துக்குடிக் கடல்தான் கப்பலுக்கு வாகு. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. கடலடிப் பார்களில் முத்துச்சிப்பி அற்றுப்போன பின்னும் ஊர் துறைமுகமாக நிலைத்ததற்கு அந்த வாகும் ஒரு காரணம்.

பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்கு யார் வருவார்கள், ஒரு படகுக் குழாமோ கோல்ஃப் மைதானத்தோடு ஒரு ரிசார்ட்டோ வந்தால் ஊருக்குப் பிழைப்பு கிடைக்குமே என்பது இன்னொரு வாதம். பிழைப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது பாசனக் குளம். வயலுக்குப் போகிற தண்ணீரை வேடிக்கைக்குத் தேக்கிவைக்க முடியாது. கோல்ஃப் மைதானம் போன்றவை நிலத்தை வெட்டி, மேடு பள்ளம் திருத்தி, புது மண் பரப்பித்தான் உருவாகின்றன. கொற்கையில் அப்படித் திருத்தினால் சிப்பி கிடக்கும் அடுக்கும், சங்கு அறுத்த துண்டுகள் கிடக்கும் அடுக்கும் கலங்கிப்போகும். மறுபடி எந்த நிபுணராலும் அவற்றை அடுக்கிவைக்க முடியாது. பக்கத்து ஆதிச்சநல்லூரில் 2023இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. அகழ்ந்த குழிகளை மூடிவிடாமல், ஈமத்தாழிகள் கிடந்த கிடையிலேயே மேலே கண்ணாடித் தளம் போட்டார்கள். கொற்கையிலும் அப்படி ஒரு குழியைத் திறந்துவைத்து, எந்த அடுக்கு ஆற்று வண்டல், எந்த அடுக்கு கடல் விட்டுப்போனது என்று பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். ஊர்ப் பிள்ளைகளையே வழிகாட்டிகளாகப் பழக்கலாம். ஆதிச்சநல்லூருக்கு வருகிற வண்டிகள் அப்படியே கிழக்கே வந்து, கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று ஆறு போன வழியிலேயே போகட்டும்.