மெழுகில் பதிந்த நாதம்

சென்ற தை மாதத்தில், களத்திலிருந்து கடைசி மூட்டைச் சம்பா நெல்லும் வீட்டுக்குள் வந்து சேர்ந்த மறுநாள், என் தம்பியின் மகன் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "பெரியப்பா, கம்ப்யூட்டர் இல்லாம வீட்டுலயே வாசிக்கிறதைப் பதிவு பண்ணணும்னா என்ன வாங்கலாம்?" என்று கேட்டான். கும்பகோணத்தில் ஒரு கடையில் காலை முதல் இரவு வரை கணக்குத் திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவன் அவன். "வீட்டுக்கு வந்தும் அதையேவா பாக்கிறது?" என்று அவன் சொன்ன காரணம் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. சங்கீதத்தைக் காதாலும் கையாலும் மட்டும் அனுபவிக்க விரும்புகிற ஒருவனுக்கு எத்தகைய கருவி உகந்தது என்ற அந்தச் சின்னக் கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது. பல நாட்கள் விடவில்லை.

கிடார் நம்முடைய வாத்தியமா என்று கேட்பவர்கள் எங்கள் சீமையில் இன்றும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் சமாதானம் ஒன்றுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடிலைக் கற்று அதில் நம் ராகங்களை வாசிக்கத் தொடங்கியபோதும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதே வாத்தியத்தில் தேர்ந்து, 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றபோதும், அது அந்நிய வாத்தியமாகவே இருந்தது. இன்று திருவையாற்று ஆராதனையில் பாடகரின் பக்கத்தில் பிடில் இல்லாவிட்டால் அல்லவா நமக்கு ஏதோ குறைவது போலத் தோன்றுகிறது! பிடில் வந்தது, மாண்டலின் வந்து ஸ்ரீனிவாஸ் என்ற சிறுவனின் கையில் நம்முடையதாயிற்று, கிடாரும் வந்துவிட்டது. வாத்தியத்தின் ஊரை யாரும் நெடுநாள் விசாரிப்பதில்லை. அது எந்த வீட்டில் தினமும் உறையிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறதோ, அந்த ஊரே அதற்குச் சொந்த ஊர்.

அவன் கிடாரை மடியில் வைத்து ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருக்கையில், அதன் கழுத்தில் அசையாமல் பதிந்திருந்த உலோகக் கட்டைகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகம் திருவையாற்றில் இருந்த என் அத்தையின் வீட்டுக்குப் போயிற்று. தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டுகள். அவை மரத்தில் அறையப்பட்டவை அல்ல, மெழுகில் நிற்பவை. அவற்றை நிறுத்துவதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். நான் சிறுவனாக இருந்தபோது என் அத்தையின் வீணைக்கு மேளம் கட்ட ஒரு பெரியவர் தஞ்சாவூரிலிருந்து வருவார். தேன்மெழுகில் கரித்தூளைக் கலந்து காய்ச்சி, இளஞ்சூட்டில் தண்டியின் இரு ஓரத்திலும் கரை கட்டி, ஒவ்வொரு வெண்கல மெட்டாக அதன்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, தந்தியை ஒருமுறை மீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டுவார். முற்பகலில் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். அந்த வீட்டில் அன்று யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். இளகிய மெழுகு இறுகுவதற்குள் ஒரு ஸ்வரத்தின் ஸ்தானம் நிச்சயமாகிவிட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரு பயபக்தி இருந்தது.

மனிதர் பாட்டை நம் தேசத்தில் இசைத்தட்டுக்காக முதன்முதலில் பிடித்து வைத்ததும் மெழுகில்தான் என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் ஒரு பெரிய கூம்பின் முன்னால் பாடகர்களை நிறுத்திப் பாடவைத்தார். அந்த நாதத்தின் அதிர்வு ஊசி வழியாக மெழுகுத் தட்டில் கோடாகக் கீறியது. அத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் உள்ள ஹானோவருக்குப் போய், அங்கே இசைத்தட்டுகளாக அச்சாகித் திரும்பின. கீறிய மெழுகைத் திருத்த முடியாது. ஒரு ஸ்வரம் வழுவினால் அத்தட்டை ஒதுக்கிவிட்டு, புதுத் தட்டில் முதலிலிருந்து முழுவதையும் பாட வேண்டும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவே. கோயில் வீதியில் இரவெல்லாம் நாகஸ்வரத்தில் தோடியை விஸ்தாரம் செய்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதே தோடியை இசைத்தட்டின் எல்லைக்குள் அடக்கித் தந்தார். அந்தச் சிறிய தட்டுக்குள்ளும் ராகத்தின் முகம் முழுமையாகத் தெரிந்தது.

கூம்பு உரத்த குரலை மட்டுமே நன்றாகப் பிடித்தது. வீணையைப் போன்ற மெல்லிய நாதத்துக்கு 1925-ஐ ஒட்டி மின்சார மைக் வர வேண்டியிருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் வாசிக்கையில், அந்த மெல்லிய வாசிப்பைக் கேட்க வித்வான்களே மூச்சையடக்கி உட்கார்ந்திருந்தார்கள் என்பார்கள். 1867-இல் பிறந்த அந்த அம்மையாரின் வாசிப்பு, அவர் முதுமையடைந்தபின் 1930-களில், இசைத்தட்டாகி நமக்குக் கிடைத்தது. மைக் சில வருஷங்கள் தாமதித்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிய கதைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

என் அத்தை தனம்மாள் அல்ல. மேடை ஏறியவரும் அல்ல. திருவையாற்றில், காவிரிப் படித்துறைக்குப் போகும் சந்தில் இருந்த ஓட்டு வீட்டில், பால் கறந்து, நெல் காயவைத்து, பேரப்பிள்ளைகளுக்குத் தலைவாரி, விளக்கு ஏற்றியபின் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீணை வாசித்தவர். 1970-களில் எங்கள் உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். வாசிப்பதைப் பதிவு செய்யலாம் என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு திருவையாற்றுக்குப் போனேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "அது கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கு எப்பிடிடா விரல் ஓடும்?" என்று வீணையை உறைக்குள் வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. பெட்டியை அங்கேயே குதிருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து நான் மறுபடி போன அன்று நல்ல மழை. ஓட்டின் விளிம்பிலிருந்து முற்றத்தில் நான்கு பக்கமும் நீர் சரமாக விழுந்துகொண்டிருந்தது. அத்தை வீணையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே, "அதைப் போடு" என்றார். நான் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திவிட்டு நகர்ந்தேன். ஸஹானாவை எடுத்தார். அன்று நான் பதிந்த அந்த அரைமணி நேர நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் முதலில் மழை; மழைக்குள்ளிருந்து மெல்ல வீணை; பாதியில் பின்கட்டிலிருந்து கிணற்று ராட்டினத்தின் கிறீச்சொலி; பிறகு கன்று கத்துகிறது. அத்தை வாசிப்பை நிறுத்தி, "கன்னுக்குத் தண்ணி காட்டுங்களேன், யாராவது" என்று சொல்லிவிட்டு, விட்ட பிடியையே மறுபடி எடுத்து மேலே போகிறார். நாடா முடியும்போது ராகம் முடியவில்லை.

வாசித்து முடிந்ததும் போட்டுக் காட்டினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து, "மந்தரம் இறங்கியிருக்குடா. இத்தனை நேரமா இறங்கின தந்தியிலயா வாசிச்சேன்?" என்று கேட்டார். குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியமே மிகுந்திருந்தது. நாற்பது வருஷம் வாசித்த கை. வாசிக்கையில் ராகத்தின் பின்னாலேயே போன செவி. அந்தச் செவியை எட்டத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தது அந்தப் பெட்டி. மறுநாளிலிருந்து அவரே பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டார். அதே நாடாவின் மறுபக்கத்தில் தினமும் வாசிப்பார், கேட்பார், அதன்மேலேயே மறுநாள் மீண்டும் பதிவார். ஊருக்கு அனுப்பவோ, பிறருக்குப் போட்டுக் காட்டவோ அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. இளவயதில் கிடைத்த குரு போனபின், "இங்கே வழுவிற்று" என்று சொல்ல ஆளில்லாமல் இருந்த வீட்டுக்கு, அறுபது வயதில் அப்படி ஒருவர் வந்து சேர்ந்தார் என்றே நான் அதை எண்ணுகிறேன்.

இதையெல்லாம் தம்பி மகனிடம் சொன்னபோது அவன் வேறொரு கதையைச் சொன்னான். அமெரிக்கக் கிடார் வித்வானும் பாடகருமான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்ஸியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், டாஸ்காம் கம்பெனி 1979-இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ என்ற நான்கு தடக் கேஸட் கருவியில், பாட்டையும் கிடாரையும் பதிந்தாராம். மாதிரிக்காகச் செய்த பதிவு அது. பிறகு பெரிய ஸ்டுடியோவில் பக்கவாத்தியங்களோடு அதே பாடல்களை வாசித்துப் பார்த்தும் அந்த அறையின் உயிர் வரவில்லை என்று கண்டு, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேஸட்டையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் வெளியிட்டார்களாம். அதே 1982-இல்தான் நம் ஊரில் 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டின் கிடாரைக் கேட்டு எத்தனையோ பிள்ளைகள் இந்த வாத்தியத்துக்கு மயங்கினார்கள். அவனுடைய தகப்பனாரும் அவர்களில் ஒருவர்.

ஆகவே என் அபிப்பிராயத்தை அவனுக்கு இப்படிச் சொன்னேன்: பொத்தானை அழுத்திய கை அடுத்த க்ஷணமே தந்திக்குத் திரும்பிவிட வேண்டும், அதற்கு இடம் கொடுக்கும் கருவியே நல்ல கருவி. திரையில் நாதம் கோடாகத் தெரியும்போது கண் நீதிபதியாகிவிடுகிறது. வழுவிய இடத்தை வெட்டி ஒட்டலாம் என்ற சபலம் வந்தவுடன், முழுவதையும் இன்னொரு முறை வாசிக்கும் பழக்கம் போய்விடுகிறது. அன்றைக்கு மெழுகுத் தட்டு வித்வான்களுக்குப் பழக்கிய கட்டுப்பாடு அதுவே.

கைபேசியே போதாதா என்றும் யோசித்தோம். தொடக்கத்துக்குப் போதும். ஆனால் மெல்ல வாசித்தால் தானே ஒலியைக் கூட்டி, ஓங்கி வாசித்தால் தானே குறைத்து, மேடு பள்ளத்தைச் சமமாக்கிவிடும் குணம் பல கைபேசிகளுக்கு உண்டு. நடுவில் அழைப்பும் வரும். ஒரு கிடாரின்மேல் இன்னொரு கிடாரைச் சேர்த்து வாசிக்க ஆசை வந்தால், டாஸ்காம் டிபி-006 போல ஆறு தடங்கள் கொண்ட சின்னப் பெட்டிகளும் இருக்கின்றன. இப்போதைக்கு, குறுக்காக வைத்த இரண்டு மைக்குகளும், ஒலியளவைக் கையால் வைக்கும் சக்கரமும், ஒரு சிவப்புப் பொத்தானும் உள்ள, பென்சில் பேட்டரியில் ஓடும் கையடக்கப் பதிவுக் கருவியே போதும் என்று முடிவாயிற்று. மின்சாரம் போனாலும் அது நிற்காது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 635 மெகாபைட். 32 ஜிகாபைட் மெமரி கார்டு ஒன்றில் சுமார் ஐம்பது மணி நேரம் அடங்கும். அத்தையின் ஒரு பக்க நாடாவைப் போல நூறு பக்கம்!

கருவியை வாங்கியபின் இடத்தைத் தேடினோம். கூடத்தில் வாசித்தால் வெறுஞ்சுவர் எதிரொலித்தது. மாடியறையில் மின்விசிறியை நிறுத்தினாலும் வயல்பக்கத்து மோட்டாரின் இரைச்சல் வந்தது. கடைசியில் நெல் அறையைத் திறந்தேன். மூன்று பக்கமும் உத்தரம் வரை அடுக்கிய சாக்கு மூட்டைகள். அவற்றின் நடுவே கையைத் தட்டினால் ஓசை அங்கேயே அடங்கிற்று. புது நெல்லின் மணத்துக்குள் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கருவியை, ஓசை குமுறும் வாய்த்துளைக்கு நேராக வைக்காமல், பன்னிரண்டாவது கட்டைக்கு எதிரே, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைத்தோம். ஓங்கி மீட்டினாலும் ஒலியளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி சக்கரத்தைத் திருப்பினான். விடியற்காலை நாலு மணி, காக்கைகூட எழவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் பெருஞ்செலவில் கட்டும் நிசப்தத்தை எங்களுக்கு அந்தச் சம்பா மூட்டைகள் தந்தன. மூட்டைகள் விற்றுப்போகும் வரை அது எங்கள் ஸ்டுடியோ.

அவன் பொத்தானை அழுத்தப் போனபோது ஒன்றே ஒன்று சொன்னேன். அத்தையின் நாடா எந்த வருஷம், எந்த மாதம் பதிந்தது என்று எனக்கு இன்று திட்டமாகத் தெரியாது. மழையை வைத்து ஐப்பசியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். நாடாவின் உறையில் எழுதியிருக்கலாம்; எழுதவில்லை. கல்கத்தாவில் கைஸ்பர்க்கின் கூம்பின் முன்னால் பாடிய கௌஹர் ஜான், தட்டு அச்சாகும் தூரதேசத்துத் தொழிலாளிக்கு அடையாளம் தெரியும்பொருட்டுப் பாட்டின் முடிவில் தம் பெயரை உரக்கச் சொன்னார். நூறு வருஷத்துக்குப் பின்னும் அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் வாசிப்பவர் யாராயினும், பாடும் பாட்டி யாராயினும், கையிலிருக்கும் கருவியில் இந்த வாரமே பதிந்து வையுங்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் பெயரையும், ஊரையும், தேதியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு வாசியுங்கள்.