பின்னால் வருபவருக்காக



மழைக்காலத்தில் காட்டுப்பள்ளிச் சாலையில் ஒருமுறையேனும் சென்றவர்கள், அங்குள்ள சேறு சாதாரணச் சேறு அன்று என்பதை அறிவார்கள். 1994இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம், 2013இல் இயங்கத் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த பகுதி இது. நிலக்கரித் தூளும் சாம்பலும் மணலும் மழைநீரில் குழைந்து, கன்டெய்னர் லாரிகளின் சக்கரங்களிலிருந்து சிதறுகின்றன. துணியில் பட்ட அக்கறை எளிதில் போவதில்லை.

எங்கள் மத்ரஸாவுக்கு வெள்ளுடையில் புறப்படும் பிள்ளைகள் சிலர், கரும்புள்ளிகளோடு வந்து நிற்பதுண்டு. "ஹஜ்ரத், இந்த உடையோடு தொழலாமா?" என்று கேட்பார்கள். தவிர்க்க இயலாத தெருச் சேற்றுக்கு மார்க்கச் சட்ட அறிஞர்கள் சலுகை அளித்திருப்பதை எடுத்துச் சொல்வேன். ஆனால் அந்தச் சலுகை சேறு பட்டவருக்கே உரியது. அதை வாரி இறைத்தவருக்கு அன்று. இந்த எண்ணமே, உற்பத்தி 2014இல் நின்றுவிட்ட மாருதி 800 வண்டியான என் பழைய காருக்கு, 'மட்பிளாப்' எனப்படும் சேறு மறைப்புகளை நானே செய்து பொருத்தத் தூண்டியது.

செய்முறை கடினமன்று. பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகள் லாரிகளுக்கே ஏற்றவை. சிறிய காரின் தகடு அவற்றின் கனத்தைத் தாங்காது. 3 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் போதுமானது. முதலில் அட்டையில் வடிவம் வெட்டிச் சக்கரத்தின் பின்னே வைத்துப் பாருங்கள். அகலம் டயரைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ஆட்கள் அமர்ந்த நிலையிலும் கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் வேகத்தடையில் மாட்டிக் கிழியும். அட்டை சரியான பின்னரே ரப்பரை வெட்டுங்கள். துளையிட்ட இடத்தில் துரு தடுக்கும் பெயின்டைத் தடவி, எவர்சில்வர் திருகுகளும் அகன்ற வாஷர்களும் இட்டு முடுக்குங்கள். கடற்காற்றில் சாதாரண இரும்புத் திருகு விரைவில் துருவேறிவிடும். இறுதியாக ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, முன்சக்கரம் ரப்பரில் உரசவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? முன்சக்கர மறைப்பு நம் வண்டியின் அடித்தகட்டைத் துருவிலிருந்து காக்கிறது. பின்சக்கர மறைப்பினால் நமக்குக் கிடைக்கும் பயன் சொற்பமே; அது பின்னால் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருபவரின் கண்ணையும் உடையையும் காக்கிறது. முன்னதை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் மனம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டையும் மாட்டுங்கள்.

அப்போதும் பணி முடிந்துவிடுவதில்லை. பள்ளத்து நீர் பக்கவாட்டில் தெறிப்பதை எந்த ரப்பரும் தடுக்காது. சாலையோரம் நடந்து செல்லும் பிள்ளையைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவரின் கால்தான். அக்காலுக்குக் கட்டளையிடுவது அவருடைய உள்ளம்.