ஆறிய கொதிகலன்

மார்ச் 26, 2020

கொரோனா தொற்றால் 22-ஆம் தேதியிலிருந்து நாட்டில் பயணிகள் ரயில் இல்லை. 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் வண்டி புறப்பட்ட பிறகு இப்படியொரு நிசப்தம் இருந்ததில்லை. பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்தும் பழைய நீராவிப் பாதைகளும் மூடிவிட்டன. பழைய எஞ்சினை ஓட்டிக் காப்பதா, நிறுத்திக் காப்பதா என்பதை எழுதிப் பார்க்க இதுதான் வேளை.

மார்ச் 29

முதலில் நிறுத்துவதன் பக்கமே நியாயம் தெரிகிறது. 1829-இல் பிறந்த ராக்கெட் என்ற நீராவி எஞ்சின் அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்பதால்தான், அதன் சிலிண்டர்களின் சாய்வைப் பின்னாளில் குறைத்ததுகூட அதன் உடம்பிலேயே படிக்கக் கிடைக்கிறது. ஓடும் எஞ்சின் தேயும். தேய்ந்ததைக் கழற்றிப் போட்டால் சான்றும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

ஏப்ரல் 8

வேல்ஸின் டாலிலின் பாதையைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஸ்லேட் கல் சுமக்க 1860-களில் போட்ட பாதை அது. 1950-இல் உரிமையாளர் இறந்ததும் மூடும் நிலைக்கு வந்தது. எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் சங்கம் அமைத்து, 1951-இல் தாங்களே வண்டி ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் மீட்டெடுத்த முதல் ரயில்பாதை அதுதான். அப்போது ஓடும் நிலையில் இருந்தது 1866-இன் டோல்கோக் எஞ்சின் ஒன்றே. அதைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் எஞ்சின் மிஞ்சியிருக்கும், பாதையைப் புல் மூடியிருக்கும். பாகம் மாற்றினால் பழமை போய்விடாதா என்பார்கள். கொதிகலன் குழாயும் சக்கரத்தின் டயரும் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த எஞ்சின்கள் உழைத்த காலத்திலேயே அவை பலமுறை மாறின. மாறாத நீராவி எஞ்சின் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஏப்ரல் 9

சக்கரம் மாற்றிய தேரை யாரும் வேறு தேர் என்று சொல்வதில்லை.

மே 14

டாலிலினில் தன்னார்வலர்களின் முதல் வண்டி புறப்பட்டு இன்றோடு 69 ஆண்டுகள். காக்கப்படுவது இரும்பு மட்டும்தானா? ஆறிய கொதிகலனை அவசரமாகச் சூடேற்றினால் தகடுகள் ஏறுக்குமாறாக விரிந்து இணைப்புகள் கசியும். பொறுமையாக மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். பாதையின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. கரும்புகை வந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை. இதையெல்லாம் காணொளியாகப் பிடித்து வைக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் காணொளி புகையின் நிறத்தைத்தான் காட்டும்; எங்கே எவ்வளவு கரி போட்டால் அந்த நிறம் மாறும் என்பது ஷவல் பிடித்த கைக்கே தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பெப்பர்கார்ன் ஏ1 வகை நீராவி எஞ்சின்கள் 49-ம் உடைக்கப்பட்ட பிறகு, அதே வகையில் புதிதாக 2008-இல் டார்லிங்டனில் கட்டி முடித்த டொர்னேடோ இதற்குச் சாட்சி. அதன் கொதிகலன் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் செய்யப்பட்டது. ஏனென்றால் அங்கே நீராவி வேலை விட்டுப்போகவில்லை.

ஜூலை 3

1938-இல் இதே நாளில் மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டது. இப்போது யார்க் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது நிற்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஆகஸ்ட் 11

பிரிட்டனின் பெரும்பாதைகளில் நீராவி முடிந்தது 1968-இல் இதே நாளில். ஈடில்லாத ஒற்றை எஞ்சின் நிற்கட்டும், உடன்பிறப்புகள் உள்ளவை ஓடட்டும் என்று இந்த வாதத்தை முடித்துவிடலாம் போலிருந்தது. பாரி ஊர்ப் பழைய இரும்புக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் துருவேறி நின்றவற்றில் 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள்; இரும்பு அவ்வளவு காலம் காத்திருந்தது. கை காத்திருக்குமா? தன்னார்வலர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், இந்தத் தொற்றுக்கு அஞ்சி வீட்டிலேயே இருக்க வேண்டியவர்களும் அவர்களே. சில பாதைகளில் மீண்டும் வண்டி ஓடுகிறது. கற்றுக்கொடுப்பவரும் கற்பவரும் ஓர் எஞ்சினின் குறுகிய அறையில் தோளோடு தோள் உரச நின்றாக வேண்டுமே.

ஆகஸ்ட் 19

கரியைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன். பிரிட்டனில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. நாளை வேறு எரிபொருள் வந்தால் புகையின் நிறமும் மாறும். மே மாதம் எழுதியது அப்போதும் நிற்குமா?